அல்லி இராச்சியமும் நகைச்சுவையும்

இல்லத்திலே மனைவியின் சொல் மேலோங்கி நிற்குமாயின், ‘அங்கே அல்லி இராச்சியம் நடக்கிறது’ என்று அயலார் நகைப்பது தமிழ் வழக்கு. ‘அல்லி தர்பார்’ என்பாரும் உளர். சொல்வோரும் கேட்போரும் ஒருங்கே நகைக்கும் இத்தொடரில் ஒரு முழுக்கதை அடங்கியிருக்கின்றது; அக்கதையினுள்ளே ஒரு வழக்கும் அடங்கியிருக்கின்றது. ஆள்பவள் பெண், அடங்குபவன் ஆண் என்னும் நிலை எதனால் நகைப்புக்கு இடமாகின்றது என்பதே அவ்வழக்கு. உலகின் பல நாடுகளில் நாடகமும் திரைப்படமும் இவ்வழக்கை எடுத்து ஆடியுள்ளன. அவற்றை அல்லியின் கதையோடு ஒப்பவைத்து நோக்கின், நகைப்பின் இயல்பும் அதன் எல்லையும் ஒருங்கே விளங்கும். வன்னி நாட்டு மக்களுக்கு இவ்வாராய்ச்சி வெறும் இலக்கிய இன்பமாக மட்டும் அமைவதன்று என்பது இறுதியிற் புலனாகும்.

அல்லியின் கதை

அல்லியின் கதையை விரித்துரைப்பது ‘அல்லியரசாணி மாலை’ என்னும் நாட்டுக் கதைப்பாடல். புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் இந்நூலை, நளவெண்பா இயற்றிய புகழேந்தியார் பாடியதென அறிஞர் கொள்வதில்லை. அதன் நடையும் சொல்லாட்சியும் பிற்காலத்தன. பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்டு, எழுத்தறிந்த ஒருவர் படிக்க அயலவர் பலர் கூடியிருந்து கேட்ட நூல்களுள் இதுவும் ஒன்று. இதனைத் தொடர்ந்து ‘பவளக்கொடி மாலை’, ‘புலந்திரன் களவு மாலை’ முதலியனவும் அதே வரிசையில் எழுந்தன.

மகப்பேறின்றி வருந்திய பாண்டியனுக்கு அல்லி மலரிற் கிடைத்த குழந்தை அவள். ஆதலின் அல்லி எனப் பெயர் பெற்றாள். படைக்கலப் பயிற்சியில் வல்லவளாய் வளர்ந்தாள். தந்தையின் நாட்டைக் கவர்ந்திருந்த நீன்முகனை வென்று மதுரையின் அரசுகட்டில் ஏறினாள். அவளுடைய அமைச்சரும் பெண்டிர், படைத்தலைவரும் பெண்டிர், வாயில் காப்போரும் பெண்டிர். ஆடவர் எவரும் அவளை அணுகலாகாது என்பது ஆணை. தீர்த்த யாத்திரையாக மதுரைக்கு வந்த அருச்சுனன் அவள்மேற் காதல் கொண்டான். வில்லால் வெல்லவியலாத இடத்திலே வேடத்தால் வெல்ல முனைந்தான். கண்ணன் துணை நின்றான். பாம்பாட்டியும் பாம்புமாகக் கண்ணனும் அருச்சுனனும் அரண்மனைக்குட் புகுவதும், அல்லி உறங்கும் வேளையில் அருச்சுனன் அவள் கழுத்தில் தாலி கட்டுவதும் கதையின் நடுநாயகமான நிகழ்ச்சிகள். விழித்தெழுந்த அல்லி சினந்து போர் தொடுக்கிறாள். முடிவில் அவள் அருச்சுனனுக்கு மனைவியாகின்றாள். புலந்திரன் என்னும் மைந்தனைப் பெறுகின்றாள்.

வியாசர் பாரதத்தில் அல்லி இல்லை. அருச்சுனன் மணலூரில் மணந்த சித்திராங்கதையே தமிழ் நிலத்தில் அல்லியாக உருமாறினாள் என்பர். சைமினி பாரதத்திலும் அருச்சுனன் அசுவமேதக் குதிரையைப் பின்தொடர்ந்து, பிரமீளை ஆளும் பெண்கள் நாட்டை அடைகின்றான். அங்கும் போர் மணத்தில் முடிகின்றது. எனவே, பெண்ணரசும் அதனுள் நுழையும் ஆண்மகனும் என்னும் இக்கதையமைப்புப் பாரத நாட்டிற் பரவலாக வழங்கியது என்பது தெளிவு.

மதுரையின் பெண்ணரசு பற்றிய செய்தி கடல் கடந்தும் சென்றது. சந்திரகுப்த மௌரியனின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ், எராக்ளிஸ் தன் மகள் பண்டையாவுக்கு ஒரு நாட்டை ஆளக் கொடுத்தான் என எழுதியதாக அரியன் கூறுகின்றார். இந்திய மக்களுள் பெண்களால் ஆளப்படுவோர் பாண்டியர் மட்டுமே என உரோமரான பிளினியும் குறித்தார். வரலாற்று உண்மை எவ்வாறாயினும், பாண்டி நாட்டையும் பெண்ணரசையும் இணைத்துப் பேசும் வழக்கு ஏறத்தாழ 2,300 ஆண்டுப் பழைமையுடையது என்பது ஐயமற்றது.

மேடையில் அல்லி

கதைப்பாடலாகக் கேட்கப்பட்ட அல்லியை மேடையில் நிலைநிறுத்தியவர்களுள் தலையாயவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). ‘அல்லி அர்ஜுனா’, ‘பவளக்கொடி’ ஆகிய அவருடைய நாடகங்கள் தமிழகத்தின் நாடகக் குழுக்களுக்கு நெடுங்காலம் வாழ்வளித்தன. ஈழத்து இசைநாடக அரங்குகளிலும் அவை ஆடப்பட்டன. அக்காலத்தில் நாடகக் கொட்டகை இல்லாத ஊரிலும் அறுவடை முடிந்த வயலே அரங்காயிற்று.

இம்மேடையைப் பற்றி ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. பாலர் குழுக்களிலும் நாட்டுக்கூத்து அரங்குகளிலும் பெண் வேடத்தை ஆடவரே புனைந்தனர். முல்லைத்தீவுப் பகுதியிற் போற்றப்பட்டு வரும் கோவலன் கூத்திலும் கண்ணகியாகவும் மாதவியாகவும் ஆடவர் ஆடுவதே மரபு. ஆகவே, அல்லி நாடகம் நடந்த மேடையில் ஓர் ஆண்மகன் பெண்ணாகி, அப்பெண் ஆண்மகனைப் போல வாளேந்தி, ஆடவரை விரட்டினான். மாற்றத்தின்மேல் மாற்றம் ஏற்றப்பட்ட நிலை இது. ஆண்மை என்பதும் பெண்மை என்பதும் உடையாலும் நடையாலும் குரலாலும் காட்டப்படக் கூடியன என்னும் உண்மையை எவரும் எடுத்துக் கூறாமலே அம்மேடை காட்டிக் கொண்டிருந்தது. நகைச்சுவையின் வேரும் அங்கேயே இருக்கின்றது. இயற்கை என எண்ணியிருந்தது வேடந்தானோ என்னும் கணநேர ஐயமே அவையினரைச் சிரிக்க வைக்கின்றது.

தமிழிற் பேசும் படங்கள் தோன்றியதும் அல்லி திரைக்கு வந்தாள். 1934 இல் வெளிவந்த ‘பவளக்கொடி’ இயக்குநர் கே. சுப்பிரமணியத்தின் முதற்படம், எம். கே. தியாகராஜ பாகவதர் திரையிற் புகுந்ததும் அப்படத்தின் மூலமேயாம். அவர் அருச்சுனனாகவும் எஸ். டி. சுப்புலட்சுமி பவளக்கொடியாகவும் நடித்தனர். மைந்தன் புலந்திரன் பவளம் வேண்ட, அதைத் தேடிச் சென்ற அருச்சுனன் பவளக்கொடியைக் கண்டு காதலிக்க, செய்தி அறிந்த அல்லி சினக்க, கண்ணன் இடைநின்று இணக்குவிப்பதே கதை. 1935 இல் ‘அல்லி அர்ஜுனா’ திரைப்படமாயிற்று. 1949 இல் ‘பவளக்கொடி’ மீண்டும் எடுக்கப்பட்டபோது டி. ஆர். மகாலிங்கமும் டி. ஆர். ராஜகுமாரியும் அதில் நடித்தனர். இவற்றில் அல்லியின் வீரம் வரவரச் சுருங்கி, அவளுடைய பொறாமையே பெருகியது. நாட்டை ஆண்டவள் என்னும் நிலை மறைந்து, கணவனை ஆட்டிப் படைப்பவள் என்னும் நிலை எஞ்சிற்று. ‘அல்லி இராச்சியம்’ என்னும் தொடர் அரண்மனையை விட்டு அடுக்களைக்கு வந்த வரலாறு இதுவேயாம்.

ஹொலிவூட்டில் அமேசான் நாடு

பாகவதர் அருச்சுனனாகத் தோன்றுவதற்கு ஓராண்டு முன்னர், 1933 இல், அமெரிக்காவில் பொக்ஸ் நிறுவனம் ‘தி வாரியர்ஸ் ஹஸ்பண்ட்’ என்னும் நகைச்சுவைப் படத்தை வெளியிட்டது. ‘வீரமங்கையின் கணவன்’ எனத் தமிழில் அதனைக் கூறலாம். இயக்கியவர் வோல்ரர் லாங். யூலியன் தொம்சன் எழுதிய நாடகம் ஒன்றே படத்திற்கு மூலம். அந்நாடகம் 1932 இல் நியூயோர்க் நகரில் மேடையேறியபோது, இறந்த மான் ஒன்றைத் தோளிற் சுமந்தவாறு படிகளிலே துள்ளி இறங்கிவந்த கதரின் ஹெப்பேண் என்னும் இளநடிகை அவ்வொரு காட்சியாலேயே புகழ்பெற்று ஹொலிவூட்டுக்கு அழைக்கப்பட்டார். திரைப்படத்தில் அவ்வேடத்தை எலிசா லாண்டி ஏற்றார்.

கிரேக்கப் புராணத்தில் வரும் அமேசான் மங்கையரின் நாடே கதை நிகழும் இடம். அங்கே பெண்கள் போர் புரிவர், வேட்டையாடுவர், நாடாள்வர். ஆடவர் தலைமயிரைச் சுருட்டி அழகு செய்து, இல்லத்தைப் பேணி, நாணி ஒதுங்கி நிற்பர். அரசி இப்பொலிற்றா தியானா தேவியின் அரைக்கச்சையை அணிந்திருக்கும் வரை பெண்ணரசு நிலைக்கும். போருக்குப் பொருள் வேண்டி அவள் சேப்பியன்ஸ் என்னும் மெல்லிய இளைஞனை மணக்க இசைகின்றாள்; சேப்பியன்சின் தாயே அப்பொருளுக்கு உரியவள். அவ்வேளை அரைக்கச்சையைக் கவர எர்க்குலிசும் தீசியசும் கிரேக்கப் படையோடு வந்திறங்குகின்றனர். அரசியின் தங்கை அந்தியோப்பி தீசியசைக் காதலிக்கின்றாள். போர் காதலிற் கரைகின்றது, கச்சை கைமாறுகின்றது, உலகம் பழைய ஒழுங்கிற்குத் திரும்புகின்றது.

படத்தின் நகை பெரும்பாலும் இடமாற்றத்தால் விளைவது. ‘இளம்பெண் தனியே வெளியே போகலாமா’ என்று இவ்வுலகில் தாய் கேட்பது போல, அங்கே மகனைப் பற்றித் தாய் கவலையுறுகின்றாள். பெண்ணைப் பெற்றோர் சீதனம் கொடுப்பது போல, அங்கே ஆணைப் பெற்றவள் பொருள் கொடுக்கின்றாள். காண்போர் முதலில் சேப்பியன்சைப் பார்த்துச் சிரிக்கின்றனர். சற்றே சிந்திப்பின், இதே சொற்கள் பெண்ணை நோக்கிச் சொல்லப்படும்போது ஏன் சிரிப்பு எழுவதில்லை என்னும் வினா தானே எழும்.

காலமும் கருதத்தக்கது. அமெரிக்கப் பெண்கள் நாடளாவிய வாக்குரிமை பெற்றது 1920 இல். 1929 இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்த ஆடவர் பலர் வீட்டிலிருக்க, மனைவியர் சிலரின் ஊதியத்திற் குடும்பம் நடந்த காலம் அது. பழங்காலத்து அமேசான்களைக் காட்டிய படம் உண்மையில் 1933 ஆம் ஆண்டின் அச்சத்தையே காட்டியது.

ஈழத்திலும் அவ்வாறே. டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி இலங்கைப் பெண்கள் 1931 இல் வாக்குரிமை பெற்றனர். அவ்வாண்டிலேயே அடலின் மொலமுறே அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1932 இல் கொழும்பு வடக்குத் தொகுதியில் நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணி தெரிவானார். தமிழகத்தில் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927 முதலே சென்னைச் சட்டசபையில் உதவித் தலைவராக விளங்கினார். சட்டசபைகளில் மெய்யான பெண்கள் அமர்ந்த அதே ஆண்டுகளிலே திரைகளில் அல்லி அடக்கப்பட்டாள் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ஒரு சமுதாயம் எதைக் குறித்து அஞ்சுகின்றதோ அதைக் குறித்தே மிகுதியாகச் சிரிக்கும்.

கச்சையும் தாலியும்

இவ்விரு கதைகளோடு பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திற் காணும் தடாதகைப் பிராட்டியார் வரலாற்றையும் சேர்த்து நோக்குதல் பயனுடைத்து. மலயத்துவச பாண்டியனின் வேள்வித் தீயில் மூன்று தனங்களோடு தோன்றிய பிராட்டியார், ஆண்மகவுக்குரிய கல்வியும் படைப்பயிற்சியும் பெற்று, முடிசூடி, திக்குவிசயம் செய்து கயிலை வரை சென்றார். இறைவனை எதிரிற் கண்ட கணத்தில் ஒரு தனம் மறைந்தது. வில்லேந்திய கை தளர்ந்து நாணி நின்றார். புராணம் இதனை நகையாகக் கூறவில்லை. ஆன்மா இறைவனைச் சேரும் பேரின்ப நிலையாகப் போற்றுகின்றது. பிராட்டியார் நாடாளும் உரிமையை முற்ற இழந்துவிடவும் இல்லை. மதுரை இன்றும் மீனாட்சியின் நகரே.

மூன்று கதைகளிலும் பெண்ணின் ஆட்சி அவள் உடலிற் பொருந்திய ஓர் அடையாளத்தில் நிற்கின்றது. இப்பொலிற்றாவின் கச்சை கவரப்படுகின்றது. தடாதகையாரின் தனம் தானே மறைகின்றது. அல்லிக்கோ எதுவும் நீக்கப்படவில்லை, தாலி ஒன்று சேர்க்கப்படுகின்றது. கிரேக்கக் கதையில் பெண் வெல்லப்படுகின்றாள். புராணத்தில் அவள் தானே உணர்கின்றாள். நாட்டுக் கதையில் அவள் உறங்குகின்றாள். இம்மூன்றினுள்ளும் அல்லியின் முடிவே அறநோக்கில் மிகக் கடினமானது. இசைவின்றிக் கட்டிய தாலி மணமாகுமா என்னும் வினாவைக் கதையே எழுப்புகின்றது. அல்லி விழித்தெழுந்து படை திரட்டுவது அவ்வினாவேயாம். கதைப்பாடல் கேட்ட மக்கள் அவள் சினத்தை நியாயமென உணர்ந்திராவிடின், அதைப் பாட அவ்வளவு இடம் கொடுத்திரார்.

மதுரையோடு தொடர்புடைய நான்காவது பெண்ணும் உளள். அவள் கண்ணகி. அவள் ஆட்சி நாடவில்லை, நீதி நாடினாள். அது மறுக்கப்பட்டபோது நகரை எரித்தாள். வன்னி மக்கள் வற்றாப்பளையில் அவளை அம்மனாக வைத்து வைகாசிப் பொங்கலிட்டு வழிபடுகின்றனர். மதுரையை எரித்தவள் தெய்வம். மதுரையை ஆண்டவள் நகைப்புக்குரிய பழமொழி. கணவன்பொருட்டு வாய்திறந்த பெண்ணின் சினம் வணக்கத்திற்குரியதாயிற்று. தன்பொருட்டு வாளெடுத்த பெண்ணின் சினம் கேலிக்குரியதாயிற்று. இவ்வேற்றுமையைத் தமிழ் மரபு நெடுங்காலம் உரத்துப் பேசியதில்லை.

நகையின் இருமுனை

ஆண்பெண் நிலைமாற்றத்தால் நகை விளைவிக்கும் உத்தி மிகப் பழையது. ஏதென்சு நகரின் அரிஸ்தோபனிஸ் கி. மு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஒரு நாடகத்தில், பெண்கள் கணவரின் உடையை அணிந்து, பொய்த்தாடி ஒட்டி, மக்கட் பேரவையிற் புகுந்து ஆட்சியைத் தமக்கு மாற்றிக் கொள்கின்றனர். பிரான்சு நாட்டில் அலிஸ் கீ என்னும் பெண் இயக்குநர் 1906 இல் எடுத்த சிறு படத்தில் ஆடவர் தைக்கின்றனர், குழந்தை வளர்க்கின்றனர். பெண்களோ குடிசாலையில் அமர்ந்து புகைக்கின்றனர். முடிவில் ஆடவர் கிளர்ந்தெழுந்து பழைய நிலையை மீட்கின்றனர்.

இவ்வுத்தி இருமுனைக் கத்தி போன்றது. ஒரு முனை, ‘பெண்ணிடம் ஆட்சி சென்றால் உலகம் தலைகீழாகும்’ என எச்சரிக்கின்றது. மறுமுனை, ‘தலைகீழாக்கிப் பார்த்தால் இன்றைய உலகின் கோணல் தெரிகின்றது’ எனச் சுட்டுகின்றது. எந்த முனை கூர்மையுறும் என்பது பெரும்பாலும் முடிவைப் பொறுத்தது. பழைய ஒழுங்கு மீண்டால், காண்போர் ஆறுதலுடன் வீடு செல்வர். மீளாவிடின், சிந்தனையுடன் செல்வர்.

மீளாத முடிவுக்கு எடுத்துக்காட்டு வங்காளத்தில் உண்டு. பேகம் உரொக்கேயா 1905 இல் வெளியிட்ட ‘சுல்தானாவின் கனவு’ என்னும் கதையில், பெண்கள் அறிவியலால் நாட்டைக் காத்து ஆள்கின்றனர். ஆடவர் அந்தப்புரம் போன்ற ஓரிடத்தில் அடைந்து கிடக்கின்றனர். அங்கே எந்த வீரனும் வந்து கச்சையைக் கவரவில்லை, எவரும் தாலி கட்டவில்லை. கனவு கலைவது ஒன்றே முடிவு. கலைந்தபின் எஞ்சுவது, பெண்களை அந்தப்புரத்தில் அடைத்து வைத்திருக்கும் விழிப்புலகம். கனவைப் பார்த்துச் சிரித்தவர் விழிப்பைப் பார்த்துச் சிரிக்கவியலாது. நிலைமாற்று நகைச்சுவையின் உயர்நிலை இதுவெனக் கூறுதல் மிகையாகாது.

வன்னிக் கரையும் வன்னிச்சியும்

அல்லியின் கதை ஈழத்தில் ஏட்டளவில் நின்றதன்று, நிலத்திலும் பதிந்தது. வில்பத்துக் காட்டின் மேற்கெல்லையில் கடலை நோக்கி நிற்கும் குதிரைமலையை அல்லியின் தலைநகரென மரபு கூறும். முத்துக் கொடுத்துக் குதிரை பெற்ற அரசி என அவளைப் பேசுவர். பிளினி கூறும் இப்புரோஸ் என்னும் துறைமுகம் இதுவே எனக் கருதுவோர் உளர். கிரேக்கத்தில் அப்பெயரின் முற்பகுதி குதிரையைக் குறிப்பது. அதற்கு வடக்கே அரிப்பில், ஆங்கில ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைக் கண்காணிக்க 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டிய மாளிகை இன்று இடிந்து கடலரிப்புக்கு இரையாகி நிற்கின்றது. கட்டியவர் ஆளுநரேயாயினும், ஊரார் அதனை ‘அல்லிராணி கோட்டை’ என்றே வழங்குவர். முத்துக்கும் செல்வத்துக்கும் உரியவள் ஒரு பெண்ணரசி என்னும் நினைவு ஆளுநரின் பெயரையும் அழித்துத் தன் பெயரை எழுதிக்கொண்டது.

கதையரசி ஒருபுறமிருக்க, மெய்யான பெண்தலைமையையும் வன்னி கண்டிருக்கின்றது. வன்னிபங்களைப் பெண்கள் ஆண்டபோது அவர்கள் ‘வன்னிச்சி’ எனப் பெயர் பெற்றனர். 1782 இல் ஒல்லாந்தர் வன்னியைத் தம் நேரடி ஆட்சிக்குள் கொணர முற்பட்டபோது கடும் எதிர்ப்பை எதிர்கொண்டனர். பெண்களும் ஆடவருக்கு நிகராகப் போரிட்டனர். மரிய செம்பாத்தே என்னும் வன்னிச்சி சிறைப்பிடிக்கப்பட்டுக் கொழும்புக் கோட்டையில் வைக்கப்பட்டார். இச்செய்தி இமேசன் தெனன்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை நூலிலும் இடம்பெற்றது. 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனின் வீரம் நாடகமாகவும் பாடமாகவும் மக்களிடையே நின்று நிலவுகின்றது. அவனுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முற்பட்ட அவ்வன்னிச்சியின் பெயரோ பெரும்பாலும் அந்நியர் எழுதிய நூல்களிலேயே தங்கிவிட்டது.

இது சிந்தனைக்குரியது. கற்பனைப் பெண்ணரசுக்குக் கதைப்பாடலும் நாடகமும் திரைப்படமும் பழமொழியும் கிடைத்தன. மெய்யான பெண்ணரசுக்கு ஒரு கும்மிப் பாட்டும் பரவலாக வழங்கவில்லை. அல்லியின் கதையில் முடிவு வசதியானது. அவளை அடக்க ஓர் அருச்சுனன் வருகின்றான். வன்னிச்சியின் கதையில் அத்தகைய முடிவு இல்லை. அவள் மணத்தால் அடங்கவில்லை, சிறையால் அடைக்கப்பட்டாள். அதனைச் சிரித்துக் கேட்க இயலாது.

1960 யூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானபோது, உலகிலேயே அப்பதவியை முதன்முதல் ஏற்ற பெண்ணைக் கொண்ட நாடாயிற்று இலங்கை. எனினும், நாட்டின் உயர்பதவியிற் பெண் அமர்வதும், ஊரின் வீடொன்றில் பெண் தலைமை தாங்குவதும் வெவ்வேறு. முன்னதை உலகம் வியந்தது. பின்னதை ஊர் ‘அல்லி இராச்சியம்’ என்றது.

போரின் முடிவாகிய 2009 க்குப் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் கணவனை இழந்தும், காணாமற் போன கணவனைத் தேடியும், பெண்கள் பலர் தனித்துக் குடும்பத் தலைமை ஏற்றனர். வயலுக்கு நீர் பாய்ச்சுவதும், கடன் பெறுவதும், காணிப் பத்திரம் கொண்டு கச்சேரிக்கு நடப்பதும், பிள்ளைகளின் பாடசாலைக் கூட்டத்திற் பேசுவதும் அவர்கள் கடனாயின. முகமாலைப் பகுதியில் கண்ணிவெடி அகற்றும் பணியிலும் பெண்கள் இறங்கினர். முழங்காலில் அமர்ந்து, முகத்திரை அணிந்து, மண்ணைச் சிறிது சிறிதாகக் கிளறி, ஆடவர் புதைத்ததை அவர்கள் தோண்டியெடுத்தனர். போர்க்களத்தில் பெண் என்னும் காட்சி அமேசான் நாட்டுப் படத்தில் நகை விளைப்பது. அங்கே அது நாட்கூலிக்குச் செய்யும் தொழில்.

நிலைமாற்று நகைச்சுவை முழுவதும் ஓர் எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டது. பெண் ஏந்தியுள்ள பொறுப்பு இரவல். உரியவன் வந்ததும் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியது என்பதே அவ்வெண்ணம். அருச்சுனன் வருவான், தீசியஸ் வருவான் என்று காண்போர் அறிந்திருப்பதனாலேயே கவலையின்றிச் சிரிக்க முடிகின்றது. வருவோர் எவருமில்லாத வீட்டின்முன் அந்நகைப்பு நிற்க இடமின்றித் தளர்கின்றது. அத்தகைய வீட்டை ‘அல்லி இராச்சியம்’ என்பவர், தாம் கூறும் சொல்லின் கதையையே மறந்தவராவர். அல்லியும் இழந்த நாட்டை மீட்டவள்; தந்தையின் குடியைத் தாங்கியவள்; துணையின்றி ஆண்டவள். அக்கதையின் முற்பகுதி வன்னியின் பல இல்லங்களில் நடந்தேறியது. பிற்பகுதி வேண்டப்படாததும் ஆயிற்று.

இதனால் பழைய கதைகளையும் படங்களையும் ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. அவற்றைப் பார்த்துச் சிரிப்பதும் குற்றமன்று. சேப்பியன்ஸ் தலைமயிரைச் சுருட்டிக்கொண்டு நாணி நிற்கும்போது சிரிக்காதவர் அரியர். ஆயின், சிரித்து முடிந்தபின் ஒரு வினாவைக் கேட்டுக்கொள்ளுதல் கற்றோர்க்கு அழகு: இதே நிலையில் ஒரு பெண் நின்றிருந்தால் இது நகைப்பாகத் தோன்றியிருக்குமா, இயல்பாகத் தோன்றியிருக்குமா? அவ்வினாவுக்கு நேர்மையாக விடை கூறுவோர்க்கு அல்லியரசாணி மாலை பொழுதுபோக்கு நூலாக மட்டும் அமையாது, தம்மைத் தாமே காணும் கண்ணாடியாகவும் அமையும். ‘அல்லி இராச்சியம்’ என்னும் தொடரும் அவர்தம் நாவில் ஏளனம் நீங்கி, இழந்த நாட்டை மீட்டுத் தனித்து ஆண்டவளின் பெயராக ஒலிக்கும்.